ஒரு பெயரில் இரு நகரங்கள்: பெங்களூரின் பேட்டையும் கண்டோன்மென்டும்

இந்திய நகரங்களை ஒப்பிடும் ஆய்வுகள் பெங்களூரைச் சென்னையோடோ மைசூரோடோ எதிரெதிரே நிறுத்திப் பார்ப்பதே பெருவழக்கு. ஆனால் 1949ஆம் ஆண்டுவரை பெங்களூரு என்ற ஒரே பெயருக்குள் இரு நகரங்கள் இருந்தன. மேற்கே, முதலாம் கெம்பே கவுடர் 1537ஆம் ஆண்டையொட்டி அமைத்ததாகக் கொள்ளப்படும் பேட்டை. கிழக்கே, 1809இல் அல்சூரையொட்டி பிரிட்டிஷார் நிறுவிய படைக்குடியிருப்பான கண்டோன்மென்ட். உள்ளூர் வழக்கில் இது ‘தண்டு’ எனப்பட்டது. இவ்விரண்டின் வேறுபாட்டைப் பழமைக்கும் புதுமைக்கும் இடையிலான வேறுபாடாகவோ, கன்னடத்துக்கும் தமிழுக்கும் இடையிலான வேறுபாடாகவோ விளக்குவோர் உண்டு. இரு விளக்கங்களும் போதாதவை என்பதும், ஒவ்வொரு நகரமும் எதை நம்பிப் பிழைத்தது, யாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டிருந்தது என்னும் இரு வினாக்களே அவ்வேறுபாட்டின் வேரைக் காட்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

தோற்றமும் அமைப்பும்

பேட்டை என்பது சந்தையை நடுவாகக் கொண்டு வளரும் வணிகக் குடியிருப்பு. கோட்டைக்கு வடக்கே மண்சுவரும் அகழியும் சூழ இருந்த பெங்களூர்ப் பேட்டையில், கிழக்கு மேற்காகச் செல்லும் சிக்பேட்டைத் தெருவும், இன்று அவென்யூ சாலை எனப்படும் தொட்டபேட்டைத் தெருவும் வெட்டிக்கொள்ளும் சந்திப்பே ஊரின் மையம். அதைச் சுற்றிப் பருத்திக்கு அரளேபேட்டை, அரிசிக்கு அக்கிபேட்டை, வளையலுக்குப் பளேபேட்டை, மண்பாண்டத்துக்குக் கும்பாரபேட்டை எனத் தொழில்வாரியாகத் தெருக்கள் பிரிந்திருந்தன. தெருவைப் பார்த்த முன்பகுதியில் கடையும், பின்கட்டில் தறியோ பட்டறையோ, அதையொட்டிக் குடும்பத்தின் புழங்குமிடமும் அமைந்த வீடுகள் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவரைப் பகிர்ந்துகொண்டன. நெய்பவரும் விற்பவரும் கடன் கொடுப்பவரும் ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தனர். இங்கே நெருக்கம் என்பது திட்டமிடாமையின் விளைவாக வந்ததன்று, தொழிலின் தேவையாக இருந்தது.

கண்டோன்மென்டின் தோற்றக் காரணமே வேறு. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நிறுத்தப்பட்ட பிரிட்டிஷ் படை காய்ச்சலால் நலிந்ததால், உயரமும் குளிர்ச்சியும் வாய்ந்த பெங்களூருக்கு அது மாற்றப்பட்டது. புதிய குடியிருப்பின் நடுவே சந்தைக்கு மாறாக அணிவகுப்புத் திடல் இடம்பெற்றது. திடலின் தென்விளிம்பில் ஓடிய சவுத் பரேட் சாலையே இன்றைய மகாத்மா காந்தி சாலை. திடலைச் சுற்றிப் படைவீடுகளும், தேவாலயங்களும், அதிகாரிகளின் பங்களாக்களும் எழுந்தன. உள்ளூரில் ‘மங்கி டாப்’ எனப்படும் மரச்சட்ட மூடாக்கு சன்னல்களுக்கு மேல் கூராக நீட்டியிருக்க, முன்னால் தோட்டமும், பின்னால் தனியே பிரிந்த சமையற்கட்டும், குதிரை லாயமும், வேலையாட்களின் வரிசை அறைகளும் கொண்டதே பங்களா வளாகம். முன்வாசலுக்கும் பின்வரிசைக்கும் இடையே விடப்பட்ட தூரம் எசமானருக்கும் ஏவலருக்கும் இடையே காக்கப்பட்ட தூரமாகும். கடைகளும் உழைப்பாளர் குடியிருப்புகளும், பின்னாளில் சிவாஜிநகர் ஆன பிளாக்பள்ளியிலும் அல்சூரிலும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஆக, பேட்டையின் நெருக்கம் கண்டோன்மென்டுக்குள்ளும் இருந்தது. அது பார்வையிலிருந்து சற்றே விலக்கிவைக்கப்பட்டிருந்தது, அவ்வளவே.

இவ்வமைப்புகளுக்குப் பின்னே இருவகைப் பொருளியல் இருந்தது. பேட்டை உற்பத்தி செய்து வெளியூருக்கு விற்றது. கண்டோன்மென்டோ பெரும்பாலும் படைச்சம்பளத்தையும் அரசுச் செலவையும் நம்பி வாங்கி உண்ட நகரம். இறைச்சி, காய்கறி, புல், துணிவெளுப்பு, தையல், கட்டடப்பணி என அதன் ஒவ்வொரு தேவையும் ஒரு பிழைப்பை உண்டாக்கியது.

மக்களும் மொழியும்

அந்தப் பிழைப்புகளைத் தேடி வந்தவர்களில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். படை சென்னை மாகாணப் படையாக இருந்ததால் ஒப்பந்ததாரர், சமையல்காரர், கொத்தனார், கூலியாள் எல்லோரும் அப்படையின் வழியே வந்தனர். மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படைப்பிரிவு அல்சூரையே தன் நிலையான தலைமையிடமாக்கிக்கொண்டது. இவர்களுள் மேலெழுந்தவர்களுக்கு ஆற்காடு நாராயணசாமி முதலியார் சான்று. கட்டட ஒப்பந்ததாரராகப் பொருளீட்டிய இவர் 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி, ஆர்.பி.ஏ.என்.எம். கல்வி நிறுவனங்களாக இன்றும் நடந்துவருகிறது. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் பேட்டையை உள்ளடக்கிய நகரத்தில் 69,447 பேரும், கண்டோன்மென்ட் பகுதியில் 89,599 பேரும் இருந்தனர். ‘சேர்க்கப்பட்ட பகுதி’ என்று பின்னர் கருதப்பட்ட கண்டோன்மென்டே எண்ணிக்கையில் பெரிய நகரமாக இருந்தது.

இதனால் பேட்டையைக் கன்னட நகரமென்றும் கண்டோன்மென்டைத் தமிழ் நகரமென்றும் பிரித்துவிட இயலாது. பேட்டையில் கன்னடத்தோடு தெலுங்கும் உருதும் புழங்கின. பேட்டையின் தலையாய திருவிழாவான கரகத்தைத் தர்மராயசாமி கோயிலில் எடுப்பவர்கள் தோட்டக்காரச் சமூகமான திகளர்கள். தமிழ் நிலத்திலிருந்து குடிபெயர்ந்தவர்களாகக் கருதப்படும் அவர்களின் வழிபாடு பேட்டையின் அடையாளமாகவே ஆகியிருக்கிறது. கண்டோன்மென்டிலும் உருதும் தெலுங்கும் ஆங்கிலமும் தமிழோடு கலந்தே ஒலித்தன. எங்கே யார் பணி கொடுத்தாரோ அங்கே அந்தப் பணிக்குரிய மக்களின் மொழி வேரூன்றியது. மொழி வேறுபாடு இரு நகரங்களையும் உருவாக்கிய காரணமன்று. இரு பொருளியல்கள் விட்டுச்சென்ற விளைவே.

எல்லை உருவான முறை

தூரம் காரணமாக இரு நகரங்களும் பிரிந்திருந்தன என்று கருதவும் இடமில்லை. சில கிலோமீட்டர் இடைவெளியை எந்த நகரமும் தன் வளர்ச்சியில் நிரப்பிவிடும். பிரிவை நிலைக்கச் செய்தது ஆட்சி ஏற்பாடு. 1831இல் மைசூர் ஆட்சியைப் பிரிட்டிஷார் நேரடியாக எடுத்துக்கொண்ட பிறகு, குறிப்பாக மார்க் கப்பன் ஆணையராக இருந்த 1834 முதல் 1861 வரையிலான காலத்தில், இரு பகுதிகளும் ஒரே அதிகாரத்தின் கீழ்தான் இருந்தன. அப்படியிருந்தும் 1862இல் நகராட்சிக் குழுக்கள் அமைக்கப்பட்டபோது பேட்டைக்கு ஒன்று, கண்டோன்மென்டுக்கு ஒன்று என இரண்டு அமைந்தன. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து வந்த ரயில் கண்டோன்மென்டில் வந்து நின்றது. பேட்டைப்புறத்து ரயில் நிலையம் மைசூர்ப் பாதையோடு 1880களின் தொடக்கத்தில்தான் அமைந்தது.

நிர்வாக வசதிக்காகத் தொடங்கிய இப்பிரிவை 1881 இறையாண்மை எல்லையாக மாற்றியது. அவ்வாண்டு மைசூர் உடையார் குடும்பத்திடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டபோது, கண்டோன்மென்ட் மட்டும் ‘ஒதுக்கப்பட்ட நிலப்பகுதி’யாகப் பிரிட்டிஷார் வசமே இருந்தது. ‘சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்’ என்ற பெயரில் அதை ஆண்டவர் ரெசிடென்ட், அதாவது சமஸ்தானத்தில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதி. மைசூர் அரசின் சட்டங்கள் அங்கே செல்லுபடியாகவில்லை. நகரவாசி ஒருவர் மேற்கிலிருந்து கிழக்கே நடந்துபோனால் சட்டமும் நீதிமன்றமும் மாறின. இந்நிலை 1947 ஜூலையில் அப்பகுதி மைசூருக்குத் திருப்பியளிக்கப்படும்வரை நீடித்தது.

பழமை, புதுமை என்ற பகுப்பு

பேட்டை பழமையில் தேங்கியது, கண்டோன்மென்டே நவீனத்தைக் கொணர்ந்தது என்ற கூற்று மூன்று சான்றுகளின் முன் நிற்கவில்லை. முதலாவது, 1898ஆம் ஆண்டுப் பிளேக். நோய்க்கு அஞ்சிய மைசூர் அரசு பசவனகுடி, மல்லேசுவரம் ஆகிய அகன்ற தெருக்களும் காற்றோட்டமான மனைகளும் கொண்ட விரிவாக்கப் பகுதிகளை உருவாக்கியது. கண்டோன்மென்ட் நிர்வாகம் அதே நோக்கத்தோடு பிரேசர் டவுனை அமைத்தது அதன் பின்னரே. இரண்டாவது, மின்சாரம். சிவசமுத்திரத்தில் மைசூர் அரசு எடுத்த புனல்மின்சாரம் 1905 ஆகஸ்டில் நகரத்தின் தெருவிளக்குகளை ஏற்றியது. கண்டோன்மென்ட் தெருக்கள் அதற்குச் சில ஆண்டுகள் காத்திருந்தன. மூன்றாவது, 1890களில் ஹெசரகட்டாவிலிருந்து கொண்டுவரப்பட்ட குடிநீர். அர்க்காவதி ஆற்று நீரை இரு நகரங்களும் பகிர்ந்துகொண்டன. நவீன வசதிகள் எந்த நகரத்தின் தனிச்சொத்தாகவும் இருக்கவில்லை. எந்த அரசு முதலீடு செய்ய முன்வந்ததோ அதன் எல்லைக்குள் அவை முதலில் தோன்றின.

இடைநிலத்தின் பங்கு

ஒப்பீட்டில் பெரும்பாலும் விடுபடுவது இரு நகரங்களுக்கும் நடுவிலிருந்த நிலம். அங்கிருந்த சம்பங்கி ஏரியின் நீரைக்கொண்டு தோட்டக்காரர்கள் பயிரிட்டனர். குழாய்நீர் வந்தபின் அதன் பயன் குறைந்ததாகக் கருதப்பட்டு, ஏரி படிப்படியாகத் தூர்ந்து, இன்று அந்நிலத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. கரகச் சடங்குக்காக ஒரு சிறு குளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பேட்டையின் வழிபாட்டையும், தோட்டக்காரரின் பிழைப்பையும், கண்டோன்மென்டின் தேவையையும் ஒருசேரத் தாங்கிய ஏரி, எந்த நகரத்துக்கும் முழு உரிமையில்லாததாலேயே எளிதில் கைவிடப்பட்டது எனலாம்.

அதே இடைநிலத்தில்தான் ஆட்சியாளர்கள் தத்தம் அதிகாரத்தைக் கட்டடமாக நிறுத்தினர். 1868இல் நிறைவுற்ற அட்டாரா கச்சேரி, அதாவது பதினெட்டுத் துறைகளுக்கான அலுவலகம், இன்று உயர் நீதிமன்றமாக விளங்குகிறது. 1870இல் ரிச்சர்ட் சாங்கி வடிவமைத்த கப்பன் பூங்கா அதைச் சூழ்ந்தது. 1956இல், முதலமைச்சராக இருந்த கெங்கல் ஹனுமந்தையாவின் முயற்சியால் விதான சௌதா அட்டாரா கச்சேரிக்கு நேரெதிரே எழுந்தது. புதிய மாநிலத்தின் தலைமையகத்தைப் பேட்டையிலும் வைக்காமல் கண்டோன்மென்டிலும் வைக்காமல் இடையில் வைத்தது, இரு நகரங்களுக்கும் மேலான ஓர் அதிகாரத்தை அறிவிக்கும் செயலாகவே கொள்ளத்தக்கது.

முடிவுரை

1949இல் இரு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாக இணைக்கப்பட்டன. அலுவலகங்கள் இணைந்த அளவுக்கு நகரங்கள் இணையவில்லை. மொத்த வணிகம் இன்றும் பேட்டைத் தெருக்களிலேயே நடக்கிறது. பெருங்கடைகளும் விடுதிகளும் மகாத்மா காந்தி சாலையைச் சுற்றி நிற்கின்றன. பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அல்சூர் ஏரியருகிலேயே இயங்குகிறது. 2016இல் கப்பன் பூங்காவின் கீழே சென்ற மெட்ரோ ரயில் இரு பகுதிகளையும் சில நிமிடப் பயணமாக்கியது உண்மை. ஆயினும் 1862இல் கோப்பில் வரையப்பட்ட கோட்டின் தடம் நிலத்தின் பயன்பாட்டில் இன்னும் அழியவில்லை.

இந்த ஒப்பீடு வரலாற்று ஆர்வத்தோடு முடிந்துவிடுவதன்று. 2025இல் பெங்களூரு மீண்டும் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டு, அவற்றுக்கு மேலே ஒருங்கிணைப்பு ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டிருக்கிறது. நிர்வாக எல்லைகள் ஏற்கெனவே உள்ள வேறுபாட்டைப் பதிவு செய்வதோடு நிற்பதில்லை, புதிய வேறுபாட்டை உண்டாக்கவும் செய்கின்றன என்பதே பேட்டையும் கண்டோன்மென்டும் தரும் பாடம். ஆகவே வருவாய் மிகுந்த மாநகராட்சிக்கும் குறைந்த மாநகராட்சிக்கும் இடையே நீரும், வடிகாலும், நிதியும் பொதுக்கணக்கில் பகிரப்பட வேண்டும். எல்லையோர ஏரிகளுக்குப் பொறுப்பாளர் யார் என்பது தொடக்கத்திலேயே வரையறுக்கப்பட வேண்டும். அவ்வாறு செய்யப்படாவிடில், இரண்டை ஒன்றாக்க முழுமையாக முடியாத நகரம் ஐந்தை ஒன்றாக்கும் சுமையையும் அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்லும்.