மகனுக்குப் போகாத வீடு

லண்டன் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் கட்டடக் கலைஞர் ஜான் சோன் வாழ்ந்த வீடுதான் இன்று அருங்காட்சியகம். ஓவிய அறையில் சுவரே கதவு மாதிரி திறக்குது, உள்ளேயும் படங்கள்! கீழ்த்தளத்தில் எகிப்து மன்னர் முதலாம் சேத்தியின் கல் சவப்பெட்டி. பிரிட்டிஷ் மியூசியம் வேண்டாம்னு விட்டதை 1824-இல் 2,000 பவுண்டுக்கு வாங்கியிருக்கார்.

எனக்கு இதையெல்லாம் விட அந்தக் குடும்பக் கதைதான் மனசுல நின்னுச்சு. 1815-இல் இளைய மகன் ஜார்ஜ், பெயர் போடாமல், அப்பாவின் கட்டடங்களைப் பத்திரிகையில் கிழித்து எழுதினார். சில வாரங்களில் அம்மா இறந்துபோனார். மகன் கொடுத்த மரண அடி என்று அந்தக் கட்டுரைகளைச் சட்டம் போட்டு மாட்டினார் சோன். 1833-இல் நாடாளுமன்றத்தில் தனிச்சட்டமே நிறைவேறியது: தன் காலத்துக்குப் பின் வீடு அப்படியே பொதுமக்களுக்கு. 1837-இல் சோன் காலமானார். மகனுக்கு வீடு போகவில்லை. அந்தக் கோபத்தின் பலனை நாம் இன்றைக்கும் இலவசமாகப் பார்க்கிறோம்.