கையிருப்பு எங்கே போயிற்று?

'லாஜிஸ்டிக்ஸ்' என்ற சொல் இன்று லாரி கம்பெனிப் பலகைகளில்கூடக் காணப்படுகிறது. இந்தச் சொல் பிறந்தது பட்டாளத்தில். பிரெஞ்சில் 'லொஜி' என்றால் தங்குமிடம். படை போகிற ஊருக்கு முன்னதாகவே போய், சிப்பாய்களுக்கு இடம், நடக்க வேண்டிய பாதை முதலியவற்றை ஏற்பாடு செய்யும் அதிகாரியின் பதவிப் பெயரில் இந்தச் சொல் இருந்தது. நெப்போலியன் படையில் பணிபுரிந்த ஜொமினி என்ற சுவிஸ்காரர், 1838-இல் வெளிவந்த தமது போர்க்கலை நூலில், 'லொஜிஸ்திக்' என்பது அந்தப் பதவிப் பெயரிலிருந்தே வந்தது என்கிறார். பிற்பாடுதான் அது பட்டாளத்தை விட்டுத் தொழிற்சாலைக்குள் நுழைந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் என் தங்கையின் பேரன். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையில் ஆறு வாரம் பயிற்சி. பிரெஞ்சில் இதை நாங்கள் 'ஸ்தாஜ்' என்போம். அவர்கள் இன்டர்ன்ஷிப் என்கிறார்கள். எஞ்சின் பக்கம் போடுவார்கள் என்று ஆசையாகப் போனவனை லாஜிஸ்டிக்ஸ் பிரிவில் போட்டுவிட்டார்கள். "பெட்டி எண்ணுற வேலை தாத்தா" என்று முதல் வாரமே போனில் அலுத்துக்கொண்டான். நானோ சர்க்கார் உத்தியோகத்தில் ஏழு வருஷம் ஸ்டோர்ஸ் பிரிவில் இருப்புப் பதிவேடு எழுதியவன். பெட்டி எண்ணுவதை மட்டமாகச் சொன்னால் எனக்குப் பொறுக்குமா? "அந்தப் பெட்டிக்குப் பின்னால நூறு வருஷக் கதை இருக்குப்பா" என்று ஆரம்பித்தேன்.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. டெட்ராய்ட் அருகே ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் 1913-இல் ஹென்றி ஃபோர்டு நகரும் வரிசையைக் கொண்டுவந்தார். ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்டுவதற்குப் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்தது, அடுத்த வருஷத்துக்குள் 93 நிமிஷமாகக் குறைந்தது. எல்லாரும் நகரும் வரிசையைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் வரிசை நகர வேண்டுமானால், ஒவ்வோர் ஆளின் கைக்கும் அவனுக்கு வேண்டிய போல்ட்டும் நட்டும் உரிய நேரத்தில் வந்து சேர வேண்டுமே! ஒரு போல்ட் வராவிட்டால் அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். ஃபோர்டு இதற்குக் கண்ட வழி, எல்லாவற்றையும் தாமே வைத்துக்கொள்வது. 1917-இல் கட்டத் தொடங்கிய ரூஜ் தொழிற்சாலைக்கு இரும்புத் தாது கப்பலில் வந்து இறங்கும். உள்ளேயே எஃகு, உள்ளேயே கண்ணாடி, உள்ளேயே ரயில் பாதை. பணம் இருந்தவர், செய்தார்.

ஜப்பானில் அந்தப் பணம் இல்லை. டொயோட்டா கார் கம்பெனி 1937-இல் ஆரம்பமானது. மறு வருஷம் கொரோமோ என்ற ஊரில் ஆலை திறந்தார்கள். (அந்த ஊரின் பெயரையே 1959-இல் டொயோட்டா என்று மாற்றிவிட்டார்கள்.) நிறுவனர் கீச்சிரோ டொயோடாவின் எண்ணம், வேண்டிய பொருள் வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு மட்டும் வர வேண்டும் என்பது. யுத்தம் வந்து அந்த எண்ணத்தைக் கலைத்தது. யுத்தத்துக்குப் பின் விற்காத வண்டிகள் தேங்கின, கடன் ஏறியது. ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமும் சேர்ந்து, 1950-இல் கீச்சிரோ பதவி விலக நேர்ந்தது. தேங்கிய சரக்கு ஒரு கம்பெனியையே கவிழ்க்கும் என்பதை அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

அந்தக் கீச்சிரோவின் எண்ணத்துக்கு உருவம் கொடுத்தவர் தைச்சி ஓனோ. நெசவு ஆலையில் வேலையைத் தொடங்கி, 1943-இல் கார் கம்பெனிக்கு மாறியவர். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு யோசித்தார். வாடிக்கையாளர் எடுத்துப்போன பொருளுக்குத்தான் கடைக்காரர் மறுபடி அலமாரி நிரப்புகிறார். ஆலையிலும் அப்படிச் செய்தால் என்ன? ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் அட்டை. 'கான்பான்' என்று பெயர். பெட்டியிலிருந்து பொருளை எடுக்கும்போது அட்டை பின்னால் உள்ள பிரிவுக்குத் திரும்பும். அட்டை வந்தால் அந்த அளவு மட்டும் செய்து அனுப்பு. வராவிட்டால் சும்மா இரு. 1960-களின் தொடக்கத்தில் இது கம்பெனி முழுக்கப் பரவியது.

எங்கள் ஸ்டோர்ஸ் அனுபவத்தை வைத்துப் பார்த்தால் இதன் அருமை எனக்கு விளங்கும். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் இண்டென்ட் வரும். பத்து ரீம் காகிதம் வேண்டுமென்றால் இருபது என்று எழுதுவார்கள், மேலே பாதியாக வெட்டுவார்கள் என்பது தெரிந்து. வெட்டுகிறவருக்கும் இது தெரியும். ஆகவே அந்தக் காகிதத்தில் உண்மை என்பது எந்த இடத்திலும் இராது. ஓனோவின் அட்டையில் இந்தச் சாமர்த்தியம் பலிக்காது. பெட்டி காலியானால்தான் அட்டை திரும்பும். மிகை எழுத இடமே இல்லை. கையிருப்பு நிறைய இருந்தால் தவறுகள் அதன் அடியில் மறைந்துகொள்ளும் என்பது அவர்கள் கொள்கை. ஏரி வற்றினால்தான் பாறை தெரியும் என்கிற மாதிரி.

இதையெல்லாம் கேட்டபின் பையன் கொஞ்சம் நிமிர்ந்தான். மூன்றாம் வாரம் அவனுக்கு வாயிற்கதவில் வேலை கொடுத்தார்கள். எந்த லாரி எத்தனை மணிக்கு வருகிறது, எப்போது உள்ளே போகிறது என்று குறிக்க வேண்டும். சில லாரிகள் பால் வண்டி மாதிரி நாலைந்து சப்ளையர்களிடம் சுற்றிச் சரக்கு எடுத்து வருமாம். இருக்கைகள், வரிசையில் கார் வரும் முறைப்படியே அடுக்கி வருமாம். தாமதமாக வந்தால் அபராதம் என்பதால் ஓட்டுநர்கள் முன்கூட்டியே வந்து, வெளியே சாலையோரம் நின்று, லாரிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருப்பார்களாம். அன்று ராத்திரி அவன் சொன்னது என் மனதில் தைத்தது. "உள்ளே ரெண்டு மணி நேரத்துக்குத்தான் சரக்கு இருக்கு தாத்தா. வெளியே ரோட்டுல நாலு மணி நேர சரக்கு நிக்குது."

இருப்புக் கணக்கு எழுதிய எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல வராது. கையிருப்பு ஒழியவில்லை, ஆலையின் பதிவேட்டிலிருந்து இறங்கி லாரிக்காரர் தலைக்கு மாறியிருக்கிறது. ஜப்பானிலும் இதே குறை எழுந்ததுண்டு. அடிக்கடி வரும் சிறு லாரிகளால் சாலைகள் நெரிகின்றன என்று 1990 வாக்கில் பலரும் அங்கே புகார் சொன்னார்கள்.

இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய சோதனை 1997 பிப்ரவரி 1-ஆம் தேதி வந்தது. கரியா என்ற ஊரில் ஐசின் கம்பெனியின் ஆலை தீப்பற்றி எரிந்தது. பிரேக்கில் போடும் ஒரு சிறு வால்வை டொயோட்டாவுக்கு ஏறக்குறைய முழுவதுமாகச் செய்துவந்தது அந்த ஒரே ஆலைதான். கையிலிருந்த வால்வுகள் இரண்டு மூன்று நாளில் தீர்ந்தன. ஜப்பானில் டொயோட்டாவின் ஆலைகள் அநேகமாக எல்லாமே நின்றன. பல வாரம் ஆகும் என்று நினைத்தார்கள். ஆனால் 60-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் வரைபடங்களை வாங்கி, இருந்த இயந்திரங்களைக் கொண்டே வால்வு செய்யத் தொடங்கின. தையல் இயந்திரம் செய்யும் பிரதர் கம்பெனியும் அதில் ஒன்று. அவர்கள் கார் பாகமே செய்து பழக்கமில்லாதவர்கள். ஒரு வாரத்துக்குள் வண்டிகள் மறுபடி வரத் தொடங்கின. விலை என்ன, யார் கொடுப்பது என்ற பேச்சைப் பிறகு வைத்துக்கொண்டார்கள்.

அலமாரியில் சரக்கு இல்லாத இடத்தில், வருஷக்கணக்காகச் சேர்ந்திருந்த நம்பிக்கை கைகொடுத்தது. நம் பக்கத்திலும் 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையைச் சுற்றியிருந்த கார் ஆலைகள் நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாதை அறுந்தால் பாகம் வராது, பாகம் வராவிட்டால் வரிசை நிற்கும். அந்த நேரத்தில் தண்ணீரில் லாரியை ஓட்டிக்கொண்டு வரச் சம்மதிக்கும் மனிதரைத்தான் ஆலை நம்பியாக வேண்டும். அவரைச் சாதாரண நாளில் சாலையோரம் படுக்கவைத்துவிட்டு, ஆபத்து நாளில் ஒத்தாசை எதிர்பார்ப்பது எப்படி?

பயிற்சி முடிவில் பையன் எழுதிய அறிக்கையை எனக்கு அனுப்பியிருந்தான். லாரி வந்த நேரம், உள்ளே போன நேரம், சரக்கு இறக்கிய நேரம் என்று அவர்கள் கொடுத்த அட்டவணையில் மூன்று பத்திகள். நாலாவதாக அவனே ஒரு பத்தி சேர்த்திருந்தான்: ஓட்டுநர் வெளியே காத்திருந்த நேரம். முதல் வரியில் நாலு மணி பத்து நிமிஷம் என்று இருந்தது.