புற்றுநோய் மருந்துத் தட்டுப்பாடு

புற்றுநோய் மருந்துத் தட்டுப்பாடு என்பது, சிகிச்சைக்கு வேண்டிய மருந்து வேண்டிய நாளில் மருத்துவமனையின் இருப்பில் இல்லாமல் போகும் நிலை. கீமோதெரபி நாள் குறித்துச் சுற்றுச் சுற்றாகத் தரப்படுவது. அதனால் சில வாரத் தாமதம்கூடப் பலனைப் பாதிக்கக்கூடும். புதிய, விலையுயர்ந்த மருந்துகளைவிட, காப்புரிமை முடிந்து பல ஆண்டுகளான மலிவான ஊசி மருந்துகளே அடிக்கடி கிடைக்காமல் போகின்றன. நோயை முற்றிலும் குணப்படுத்தும் சிகிச்சைகள் பல இன்றும் இந்தப் பழைய மருந்துகளையே நம்பியிருக்கின்றன.

காரணங்கள்

காப்புரிமை முடிந்ததும் பல நிறுவனங்கள் அதே மருந்தைத் தயாரிக்கின்றன. போட்டியில் விலை சரிகிறது. ஊசி மருந்தைக் கிருமி நீக்கிய சூழலில் தயாரிக்க வேண்டும். புற்றுநோய் மருந்துகள் நச்சுத்தன்மை உடையவை என்பதால் அவற்றுக்குத் தனிப் பிரிவும் தேவை. இந்தச் செலவுக்கு ஈடான வருவாய் இல்லாதபோது நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகுகின்றன. எஞ்சியிருக்கும் ஓரிரு ஆலைகளில் ஒன்று நின்றாலும், மற்றதால் உடனே உற்பத்தியைப் பெருக்க முடிவதில்லை.

2023 அமெரிக்கத் தட்டுப்பாடு

சிஸ்பிளாட்டின் பிளாட்டினத்தை அடிப்படையாகக் கொண்ட மருந்து. அதன் புற்றுநோய் எதிர்ப்பு ஆற்றலுக்கு வழிகாட்டிய ஆய்வை பார்னெட் ரோசன்பெர்க் 1960களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடத்தினார். 1978இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து, பரவிய நிலையிலும் விரைப் புற்றுநோயைப் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியதாக மாற்றியது. சினைப்பை, கருப்பைவாய், நுரையீரல், சிறுநீர்ப்பை, தலை கழுத்துப் புற்றுநோய்களுக்கும் சிஸ்பிளாட்டினோ அதன் உறவு மருந்தான கார்போபிளாட்டினோ தரப்படுகிறது.

அமெரிக்காவின் சிஸ்பிளாட்டின் தேவையில் ஏறத்தாழப் பாதியை குஜராத்தின் அகமதாபாத் அருகே உள்ள இன்டாஸ் நிறுவனத்தின் ஆலை வழங்கிவந்தது. 2022 இறுதியில் அங்கு சென்ற அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாக ஆய்வாளர்கள், தரக்கட்டுப்பாட்டில் கடுமையான குறைகளையும் கிழித்துப் போடப்பட்ட ஆவணங்களையும் கண்டனர். ஆலை உற்பத்தியை நிறுத்தியது. 2023 பிப்ரவரியில் சிஸ்பிளாட்டினுக்குத் தட்டுப்பாடு அறிவிக்கப்பட்டது. மருத்துவர்கள் கார்போபிளாட்டினுக்கு மாறவே, ஏப்ரலில் அதுவும் பட்டியலில் சேர்ந்தது. அந்த ஆண்டு 27 பெரிய புற்றுநோய் மையங்களில் எடுத்த கணக்கெடுப்பில் 93 விழுக்காடு மையங்கள் கார்போபிளாட்டினுக்கும் 70 விழுக்காடு மையங்கள் சிஸ்பிளாட்டினுக்கும் தட்டுப்பாடு இருப்பதாகத் தெரிவித்தன. சீனாவின் சிலூ நிறுவனத்தின் சிஸ்பிளாட்டினைத் தற்காலிகமாக இறக்குமதி செய்ய அமெரிக்கா வழிசெய்தது. 2024 நடுவில் சிஸ்பிளாட்டின் தட்டுப்பாடு நீங்கியதாக அறிவிக்கப்பட்டது.

சிகிச்சையில் விளைவுகள்

இருக்கும் மருந்தை யாருக்கு முதலில் தருவது என்ற முடிவு மருத்துவர்கள் மேல் விழுந்தது. குணமாகும் வாய்ப்புள்ளவர்களுக்கு முன்னுரிமை தரவும், சமமான மாற்று மருந்து உள்ள இடங்களில் அதற்கு மாறவும், பாதுகாப்பான இடங்களில் சுற்றுகளின் இடைவெளியை நீட்டவும், குப்பியில் மிச்சம் வீணாகாதபடி மருந்தளவைச் சற்றே குறைக்கவும் புற்றுநோய் மருத்துவர் சங்கங்கள் வழிகாட்டின. முற்றிய நோயுடன் வாழ்பவர்கள் இந்த வரிசையில் பின்தள்ளப்பட்டனர். தங்கள் அடுத்த சுற்றுக்கு மருந்து இருக்குமா என்று தெரியாமலே பலர் காத்திருந்தனர்.

மாற்று மருந்து எப்போதும் சமமாக அமைவதில்லை. 2009இல் மெக்லோரெத்தமின் கிடைக்காமல் போனபோது, ஹாட்ஜ்கின் லிம்போமா நோயுள்ள சிறார்களுக்கு அதன் இடத்தில் சைக்ளோபாஸ்பமைடு தரப்பட்டது. 2012இல் வெளியான ஆய்வின்படி, 2 ஆண்டுகள் நோய் மீளாமல் இருந்தோரின் விகிதம் 88 விழுக்காட்டிலிருந்து 75 ஆகக் குறைந்தது. நோய் மீண்டவர்கள் மேலும் கடுமையான சிகிச்சைகளைத் தாங்க வேண்டியிருந்தது.

நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு அடிப்படையானது. 2019இல் அமெரிக்காவில் அதைத் தயாரித்துவந்த இரு நிறுவனங்களில் ஒன்று விலகியது. மற்றதன் விநியோகமும் தாமதமானபோது, குழந்தைகளுக்கான மருத்துவமனைகள் மருந்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் நிலைக்கு வந்தன.

இலங்கை

தட்டுப்பாட்டுக்கு ஆலைக் கோளாறு மட்டுமே காரணமல்ல. தன் மருந்துத் தேவையில் 80 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் இலங்கையில், 2022இல் அந்நியச் செலாவணி தீர்ந்தபோது அரச மருத்துவமனைகளில் புற்றுநோய் மருந்துகளும் குறைந்தன. இலவசமாகக் கிடைத்துவந்த மருந்தை வெளியில் காசு கொடுத்து வாங்கி வரவேண்டிய நிலைக்குக் குடும்பங்கள் தள்ளப்பட்டன. வாங்க இயலாதவர்களின் சிகிச்சை தடைபட்டது.

தடுக்கும் வழிகள்

உற்பத்தி தடைபடும் என்று தெரிந்தால் நிறுவனங்கள் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற கடமையை அமெரிக்கா 2012இல் சட்டத்தால் விரிவாக்கியது. உலக சுகாதார அமைப்பும் செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனையும், ஏழை மற்றும் நடுத்தர வருவாய் நாடுகளின் குழந்தைகளுக்குத் தரமான புற்றுநோய் மருந்துகள் தடையின்றிக் கிடைக்க 2021இல் ஒரு கூட்டுத் திட்டத்தை அறிவித்தன. முன் எச்சரிக்கையோடு கூடுதல் இருப்பும், ஒரே மருந்துக்கு வெவ்வேறு இடங்களில் ஆலைகளும், நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தங்களும் தேவை என்பது வல்லுநர்கள் பலரின் கருத்து. குறைந்த விலைக்கு விற்பவரிடம் மட்டுமே வாங்கும் முறையை மாற்றி, தரத்தையும் தடையற்ற வழங்கலையும் கணக்கில் கொண்டு விலை தந்தால்தான், இம்மருந்துகளைத் தயாரிக்கும் ஆலைகள் தொடர்ந்து இயங்கும்.