பாட்டு சொல்லித்தர ஆள் இல்லாத பறவை

ஒவ்வொரு எபிசோடையும் எடிட் பண்ணும்போது என் குரலைக் காதால கேக்கறதோட கண்ணாலயும் பாக்கறேன். ஸ்பெக்ட்ரோகிராம். இடமிருந்து வலமா நேரம், கீழிருந்து மேலே ஒலியின் அதிர்வெண். காலேஜ்ல மார்க்குக்காகப் படிச்ச விஷயம். பறவைப் பாட்டைப் பத்தின ஆராய்ச்சியையே மாத்தினது இந்தப் படம்தான்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.

பறவைக்குப் பாட்டு பிறவியிலேயே வந்துடும்னு நினைச்சிட்டிருந்தேன், ஃபேக்டரியிலேயே ஏத்தி அனுப்பின சாஃப்ட்வேர் மாதிரி. 1950-களில் கேம்பிரிட்ஜில் வில்லியம் தோர்ப் இதைச் சோதிச்சுப் பார்த்தார். சாஃபிஞ்ச்னு ஒரு பறவை, நம்ம சிட்டுக்குருவி சைஸ்தான். அதோட குஞ்சுகளை, பெரிய பறவைகளின் பாட்டே காதுல விழாம தனியா வளர்த்தார். மனுஷப் பேச்சைப் படமாக்க அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான ஸ்பெக்ட்ரோகிராஃப் கருவியில அதுங்க பாட்டைப் போட்டுப் பார்த்தார். நீளம் கிட்டத்தட்ட சரியா இருந்துச்சு. ஆனா அடுக்கடுக்கான பகுதிகள் இல்லை, கடைசில வர்ற அந்த முத்தாய்ப்பும் இல்லை. அப்போ பாட்டுல பெரும்பகுதி கேட்டுக் கத்துக்கறது!

தோர்ப்கிட்ட சேர்ந்தவர் பீட்டர் மார்லர். அடிப்படையில தாவரவியல்காரர். இயற்கைக் காப்பிடங்களுக்கு இடம் தேடி ஸ்காட்லாந்துல சுத்தும்போதே, ஒரு பள்ளத்தாக்கு சாஃபிஞ்சும் அடுத்த பள்ளத்தாக்கு சாஃபிஞ்சும் வேற மாதிரி பாடறதைக் கவனிச்சவர். 1957-ல் கலிஃபோர்னியா போனார். சான் பிரான்சிஸ்கோ பக்கம் வெண்கொண்டைக் குருவிகள் ஏரியாவுக்கு ஏரியா வட்டார வழக்குல பாடுதுங்க, நம்ம மதுரைத் தமிழ், கோவைத் தமிழ் மாதிரி. அதைக் கத்துக்கற முக்கியமான காலம், பிறந்த 10-வது நாளிலிருந்து 50-வது நாள் வரைக்கும்தான்னு அவர் கண்டுபிடிச்சார்.

அவரோட மாணவர் மசகாசு கொனிஷி 1965-ல் இன்னொரு படி போனார். பெரிய பறவையின் பாட்டைக் கேட்ட குஞ்சுக்கு, அது பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேட்கும் திறனை எடுத்துட்டா, பாட்டு குழறிப்போகுது. அதாவது குஞ்சு முதல்ல கேட்டு மனசுல வச்சுக்குது. பிறகு தானே பாடி, தன் குரலை அந்த நினைவோட ஒப்பிட்டுத் திருத்திக்குது. கேக்கவே கஷ்டமான பரிசோதனைதான்.

சரி, சொல்லித்தர ஆளே இல்லன்னா?

தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் ரீஜென்ட் ஹனிஈட்டர்னு ஒரு பறவை. காடுகள் அழிஞ்சு, இப்போ சில நூறுதான் மிச்சம். அப்பா பறவை கூட்டுல குஞ்சு இருக்கும்போது பாடாது. அதனால கூட்டை விட்டு வந்த இளசுகள் மத்த பெரிய ஆண்களைத் தேடித்தான் கத்துக்கணும். கிடைச்சாதானே! 2021-ல் வெளியான ஆய்வின்படி, சுமார் 12 சதவீத ஆண்கள் தன் இனத்தின் பாட்டை விட்டுட்டு வேற பறவைகளோட பாட்டைப் பாடிட்டிருந்தன. பாட்டு மாறினா ஜோடி சேர்றதும் கஷ்டமாகுது, எண்ணிக்கை இன்னும் குறையுது, வாத்தியார்களும் குறையறாங்க.

தோர்ப் கூண்டுக்குள்ள செஞ்ச பரிசோதனையை நாம காட்டு அளவுல செஞ்சிட்டிருக்கோம், செய்யறோம்னே தெரியாம.

சிட்னி டரோங்கா மிருகக்காட்சிசாலையில வளர்ற குஞ்சுகளுக்குக் காட்டுப் பறவைகளோட ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டினாங்க. ஸ்பீக்கர் வாத்தியார்! ஆடியோ ஃபைலை நான் மூணு இடத்துல பேக்கப் எடுத்து வைக்கிறவன். ஆனா இந்தப் பாட்டுக்கு உண்மையான பேக்கப், காட்டுல உயிரோட உக்காந்து பாடற ஒரு கிழட்டுப் பறவைதான்.

அடுத்த எபிசோட்ல பாப்போம்.