மலாக்காத் தமிழரிடம் நற்செய்தி வந்த வழி

நற்செய்தி என்பது என்ன? அதை யார் சொல்ல வேண்டும்? எந்த மொழியில் சொல்ல வேண்டும்? சமயக் கருத்தரங்குகளில் இக்கேள்விகள் எழும்போதெல்லாம் வேதாகம வசனங்களைக் கொண்டே விடை சொல்லிவிடுவது வழக்கம். ஆனால், மலாக்கா மாநிலத்தின் ஐந்நூறு ஆண்டு வரலாறும் இவற்றுக்கு ஒரு விடை வைத்திருக்கிறது. மலேசிய மண்ணில் கிறிஸ்துவம் நிலையாக வேரூன்றிய முதல் ஊர் மலாக்கா. தமிழர்களோ அதற்கும் முன்பே அங்கு வணிகம் செய்து வாழ்ந்தவர்கள். இவ்விரண்டும் சந்தித்தபோது நடந்தவற்றைப் பார்த்தால், நற்செய்தி எப்போது மனிதனின் நெஞ்சைத் தொடுகிறது, எப்போது காதோடு நின்றுவிடுகிறது என்பது விளங்கும்.

அரண்மனையிலிருந்து வந்த சொல்

புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அதில் நற்செய்தியைக் குறிக்கும் சொல் ‘எவாங்கெலியோன்’. இது சமயத்துக்கென்றே பிறந்த சொல் அன்று. ரோமாபுரிப் பேரரசில் மன்னன் பிறந்தான், போரில் வென்றான் என்று ஊருக்கு அறிவிக்கும் செய்திக்கும் இதே சொல்தான் வழங்கியது. கி.மு. 9-ஆம் ஆண்டில் சின்ன ஆசியாவின் பிரியேனே நகரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று, அகஸ்துஸ் சீசரின் பிறந்த நாளை உலகுக்கு வந்த நற்செய்திகளின் தொடக்கமாகப் போற்றுகிறது.

அரண்மனைக்குரிய அந்தச் சொல்லைத்தான் முதல் கிறிஸ்துவர்கள் எடுத்துக் கொண்டார்கள். நாசரேத்து என்னும் சிற்றூரில் தச்சராக வளர்ந்து, ரோமானிய ஆட்சியாளரால் சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் வாழ்வுக்கும் இறப்புக்கும் உயிர்த்தெழுதலுக்கும் அதைப் பெயராகச் சூட்டினார்கள். கடவுள் மனிதனைத் தேடி வந்தார். பாவியை மன்னித்து ஏற்றுக்கொள்கிறார். மரணத்தோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்பதே அச்செய்தியின் சாரம். இயேசு நாசரேத்துத் தொழுகைக் கூடத்தில் தம் பணியைப் பற்றிப் பேசியபோது, அச்செய்தி ஏழைகளுக்கும் சிறைப்பட்டோருக்கும் உரியது என்று ஏசாயா தீர்க்கதரிசியின் ஏட்டிலிருந்து வாசித்துக் காட்டியதாக லூக்கா எழுதுகிறார்.

தமிழில் இதற்குச் ‘சுவிசேஷம்’ என்று பெயர் வந்தது. வீட்டுக்கு வந்தவரிடம் ‘என்ன விசேஷம்?’ என்று கேட்கிறோம் அல்லவா? அந்த விசேஷத்தோடு நன்மையைக் குறிக்கும் ‘சு’ சேர்ந்தால் சுவிசேஷம். 1995-ஆம் ஆண்டில் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘நற்செய்தி’ என்ற தனித்தமிழ்ச் சொல்லையே கையாண்டது. சொல் எதுவானாலும் கேட்பவர் மனத்தில் முதலில் எழுவது ஒரே கேள்விதான்: இது யாருக்கு நல்ல செய்தி?

கொடியோடு வந்த சிலுவை

1511-ஆம் ஆண்டில் அல்போன்சோ டி அல்புகெர்க் மலாக்காவைக் கைப்பற்றினார். போர்த்துகீசியரின் பீரங்கியும் சிலுவையும் ஒரே கப்பலில் வந்து இறங்கின. அக்காலத்தில் மலாக்காத் துறைமுகத்தில் செல்வாக்கோடு விளங்கிய இந்து வணிகர் நைனா சத்து. போர்த்துகீசியக் கைதிகளுக்கு முன்பு உதவியவர் என்பதால் அவருக்குப் புதிய ஆட்சியில் பெண்டஹாரா பதவி கிடைத்தது. 1514-இல் அப்பதவி கம்பார் அரசருக்குக் கைமாறியபோது, அவமானம் பொறுக்காமல் அவர் தீயில் இறங்கி உயிர் துறந்தார். ஆட்சியாளரோடு அத்தனை நெருக்கமாக இருந்தும் அவர் கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்து மறைந்தார்.

மலாக்காச் செட்டிகளின் வரலாறும் இதையே சொல்கிறது. போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என மூன்று கிறிஸ்துவ ஆட்சிகளைக் கண்டவர்கள் அவர்கள். வீட்டில் மலாய் பேசினார்கள். உடையையும் உணவையும் மாற்றிக்கொண்டார்கள். ஆனால், பெரும்பான்மையோர் சைவ சமயத்தை விடவில்லை. 1781-ஆம் ஆண்டில் டச்சு ஆட்சியின்போது எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கிறது.

கிறிஸ்துவர்களுக்குள்ளும் ஆட்சி அதிகாரம் நன்மை செய்துவிடவில்லை. 1641-இல் மலாக்காவைப் பிடித்த டச்சுக்காரர்கள் புராட்டஸ்டண்ட் மரபினர். அவர்கள் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள். 1710-ஆம் ஆண்டில் புனித பேதுரு ஆலயம் எழும் வரை கத்தோலிக்கர் மறைந்து வழிபட வேண்டியிருந்தது. ஒரே வேதத்தைக் கையில் வைத்திருந்தவர்களே ஒருவரையொருவர் ஒடுக்கினார்கள் என்பது கசப்பான உண்மை.

‘வேணும்’ என்ற பிழை

1545-ஆம் ஆண்டு செப்டம்பரில் மலாக்கா வந்திறங்கிய புனித பிரான்சிஸ் சவேரியாரின் கதை வேறு. அவர் நேராக ஐரோப்பாவிலிருந்து வந்தவர் அல்லர். அதற்கு முன்பு தமிழகத்தின் முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே பணியாற்றி, பின்னர் மயிலாப்பூரில் சில மாதங்கள் தங்கி, அங்கிருந்தே கப்பலேறினார்.

பரதவர்கள் 1530-களில் கூட்டங்கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். ஆனால், அவர்களுக்கு அவர்கள் மொழியில் எதையும் கற்றுக் கொடுப்பார் இல்லை. சவேரியார் இருமொழியும் அறிந்த சிலரைக் கூட்டி வைத்து, செபங்களைத் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்தார். கையில் மணியை ஆட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்து, சிறுவர்களையும் பெரியவர்களையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார்.

அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பிழை நேர்ந்தது. ‘நம்புகிறேன்’ என்று தொடங்க வேண்டிய விசுவாசப் பிரமாணத்தில் ‘எனக்கு வேணும்’ என்று அமைந்துவிட்டது. 1544-ஆம் ஆண்டில் தம் உடன் ஊழியரான மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் சவேரியார் இதைச் சுட்டிக்காட்டினார். ‘வேணும்’ என்பது விருப்பத்தைக் குறிப்பது. அந்த இடத்தில் ‘விசுவாசம்’ என்று சொல்ல வேண்டும் என்று திருத்தினார். தமக்குத் தெரியாத மொழியில் தாம் செய்த பிழையை ஒத்துக்கொண்டு திருத்திய அந்தப் பணிவு பெரிது. சொல்பவன் தன் வசதிக்காக அன்றி, கேட்பவனுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகப் பேச வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். மலாக்காவுக்கு வந்ததும் அதே முறையில் செபங்களை மலாய் மொழியில் பெயர்க்க முற்பட்டார்.

அவருக்கு இடையூறு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் சொந்த மதத்தாரிடமிருந்துதான். அதிகாரிகளின் பேராசையையும் முறைகேட்டையும் கண்டித்து அவர் மன்னருக்குக் கடிதம் எழுதினார். 1552-இல் அவரது சீனத் தூதுப் பயணத்தைத் தடுத்தவர், வாஸ்கோ ட காமாவின் மகனான அல்வாரோ. அவ்வாண்டு டிசம்பர் 3-ஆம் நாள் சீனக் கரையோரத் தீவொன்றில் சவேரியார் காலமானார். 1553-இல் மலாக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட அவரது உடல், கோவாவுக்குச் செல்லும் முன் பல மாதங்கள் இன்றைய செயின்ட் பால் குன்றின் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருந்தது.

முன்ஷியின் கண்டனம்

ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே மலாக்காவில் அதே சிக்கல் திரும்பவும் தலைதூக்கியது. 1815-இல் லண்டன் மிஷனரி சங்கத்தின் வில்லியம் மில்ன் அங்கு வந்தார். அவரைத் தொடர்ந்து தாம்சன் என்பவர் மலாய் மக்களுக்கான பணியில் ஈடுபட்டார். அவர்களுக்கு மலாய் கற்பித்தவர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்த இவர், அரபு, தமிழ் வழிவந்த குடும்பத்தைச் சேர்ந்த முஸ்லிம். அக்கால மலாக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் கணக்குக்கும் வணிகத்துக்கும் தமிழ் படிப்பது வழக்கம்; அப்துல்லாவும் படித்தார். 1835-இல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்குக் கொண்டுவந்தவரும் இவரே.

மத்தேயு சுவிசேஷத்தின் மலாய் மொழிபெயர்ப்பைத் தாம்சன் திருத்தியபோது அப்துல்லா உடனிருந்தார். சொற்கள் மலாய்ச் சொற்கள்தாம், ஆனால் வாக்கியம் கட்டப்பட்ட முறை ஆங்கிலம் என்பது அவரது கண்டனம். எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் தாம்சன் ஏற்கவில்லை என்று, 1849-இல் அச்சான தம் ‘ஹிக்காயாட் அப்துல்லா’ நூலில் பதிவு செய்திருக்கிறார். பாதிரிமாரோடு பழகியதால் ‘அப்துல்லா பாதிரி’ என்று ஊரார் கேலி செய்தபோதும், அவர் தம் இஸ்லாமிய நெறியில் உறுதியாக நின்றார். பிற சமயத்தார் ஒருவர், தாம் ஏற்காத ஒரு வேதம்கூட நல்ல மொழியில் அமைய வேண்டும் என்று வாதாடியது மலாக்காவின் பெருமைகளில் ஒன்று.

பால்மரக் காட்டில்

1896-ஆம் ஆண்டில் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். தொடர்ந்து புக்கிட் அசஹான், ஜாசின், அலோர் காஜா என மாநிலம் முழுவதும் பால்மரத் தோட்டங்கள் பெருகின. கங்காணிமார் தங்கள் சொந்த ஊர்களிலிருந்தே ஆள்கட்டிக் கொண்டுவந்ததால், தமிழகத்துக் கிறிஸ்துவக் குடும்பங்களும் உறவுமுறையோடு வந்து சேர்ந்தன. ஜெபமாலையும் ஜெபப் புத்தகமும் கீர்த்தனைப் பாடல்களும் அவர்களோடு கப்பலேறின. இம்முறை நற்செய்தி எந்தக் கொடியின் நிழலிலும் வரவில்லை. தகரப் பெட்டிக்குள் வந்தது.

விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது அந்த மனிதன் ஒரு கூலி. துரைக்கு அவன் கணக்கில் ஓர் எண். அதே மனிதன் லயத்தில் விளக்கேற்றி நாலு பேரோடு முழங்காலிட்டபோது ‘சகோதரன்’ ஆனான். பாதிரியார் பட்டணத்திலிருந்து எப்போதாவதுதான் வருவார். இடைப்பட்ட நாள்களில் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்ததும், நோயாளியின் அருகில் அமர்ந்ததும், சாவு வீட்டில் முன்னின்றதும் உபதேசியார்கள்தாம். அவர்களில் பலர் காலையில் பால்வாளி தூக்கியவர்கள். அவர்களது பிரசங்கத்தில் இலக்கணப் பிழை இருந்திருக்கலாம். ஆனால், கேட்டவர்களுக்கு அது அந்நியர் பேச்சாகத் தோன்றவில்லை.

இங்கே குறையையும் மறைக்கக் கூடாது. தமிழகத்துத் தேவாலயங்களில் இருந்த சாதிப் பிரிவினை சமய மாற்றத்தால் ஒழிந்துவிடவில்லை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், ஆலயத்துக்குள்ளேயே சாதிவாரியாக மக்களைப் பிரித்து வைத்த தடுப்பு 1910-இல்தான் அகற்றப்பட்டது. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்டதும் அதே 1910-இல்தான். பக்கத்தில் அமர மறுப்பவனிடமிருந்து வரும் நற்செய்தியை எவரும் நற்செய்தியாகக் கேட்க மாட்டார்கள்.

பிற சமயத்தாரை இழிவுபடுத்திப் பேசும் பிரசங்கமும் அப்படித்தான். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, தமிழர் வணங்கும் தெய்வங்களைப் பற்றித் தமிழர்களிடமே கேட்டறிந்து 1713-இல் ஒரு நூல் எழுதினார். அது 1867 வரை அச்சேறவில்லை. ஆனால், புதிய ஏற்பாட்டை 1715-க்குள் தமிழில் அச்சிட்டு முடித்தவரும் அவரே. முதலில் காது கொடுத்துக் கேட்டவர்தான் பிறகு தமிழில் பேச முடிந்தது. தோட்டங்களிலோ மாரியம்மன் கோயிலுக்கும் சிற்றாலயத்துக்கும் நடுவில் ஒரே குடும்பம் இரண்டாகப் பிரிந்திருப்பது சாதாரணம். அங்கே ஒரு கடுஞ்சொல் போதும், அண்ணன் தம்பி உறவு அறுந்துபோக.

இன்றைய நிலை

கத்தோலிக்கத் திருப்பலி நூற்றாண்டுக்கணக்கில் லத்தீனில்தான் நடந்தது. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பிறகே மக்கள் மொழிக்கு இடம் கிடைத்தது. சவேரியார் மணியாட்டித் தமிழில் செபம் சொல்லி நானூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னர்தான் பலிபீடத்திலும் தமிழ் ஒலித்தது.

நாட்டின் அரசியலமைப்பு 11-ஆம் பிரிவு, சமயத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதற்கு மாநிலச் சட்டங்கள் வரம்பு விதிக்கின்றன. மலாக்காவில் அத்தகைய சட்டம் 1988-இல் இயற்றப்பட்டது. இந்த எல்லைக்குள் தமிழரிடையே நற்செய்தியைச் சொல்லத் தடை இல்லை. ஆனால், கேட்பவர்கள் இடம் மாறிவிட்டார்கள். பால்மரம் அழிந்து செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. லயத்து மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். பிள்ளைகள் பலருக்கு ஆங்கில ஆராதனை எளிதாக இருக்கிறது. பாட்டிக்கோ தமிழ் வேதாகமம்தான் உயிர். ஒரே வீட்டில் இரண்டு மொழிகளில் ஒரே செய்தி கேட்கிறது.

ஆகவே, மலாக்காவின் வரலாறு கற்பிக்கும் பாடம் எளிமையானது. ஆட்சி பலத்தோடு வந்தபோது நற்செய்தி தமிழர் வாசலோடு நின்றது. அவர்கள் மொழியைக் கற்றவர்களும், அவர்களோடு பால்வாளி சுமந்தவர்களும் சொன்னபோது வீட்டுக்குள் வந்தது. இன்று ஒலிபெருக்கியும் தொலைக்காட்சியும் இணையமும் இருக்கின்றன. ஆனால், தோட்டம் இழந்து வேலை தேடும் தமிழனின் அருகில் அமர்ந்து, அவன் துயரத்தை முதலில் கேட்பவர் எத்தனை பேர்? ‘எனக்கு இது வேணும்’ என்று அவன் வாய்விட்டுச் சொல்வதைக் கேட்கப் பொறுமை இல்லாதவர்கள், அவனிடம் விசுவாசத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. நற்செய்தி சொல்ல முன்வரும் ஒவ்வொருவரும் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.