பட்டியல்வழி விற்பனைக் கடைகள்

அச்சிட்ட பட்டியலில் படத்தையும் விலையையும் பார்த்துப் பொருளைத் தேர்ந்து வாங்கும் முறை பட்டியல்வழி விற்பனை. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பொருள் தபாலில் வீடு தேடி வரும். மற்றொன்றில் வாங்குபவரே கடைக்குப் போய், பட்டியலைப் புரட்டி எண்ணை எழுதிக் கொடுத்தால், பின்னாலுள்ள கிடங்கிலிருந்து எடுத்து வந்து தருவார்கள்.

தமிழ்நாட்டில் வேர்பிடித்தது முதல் வகைதான். 1877இல் இந்திய அஞ்சல்துறை கொண்டுவந்த வி.பி.பி. முறை அதற்கு வழி திறந்தது. பார்சலைப் பெறுபவர் தபால்காரரிடம் கட்டும் பணம் விற்றவருக்கு மணியார்டராகப் போய்ச் சேரும். 1928இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ்.எஸ். வாசன் முன்னர் அஞ்சல்வழி வியாபாரம் செய்தவர். பவானிக்கோ ஈரோட்டுக்கோ பஸ் ஏறினால்தான் பெரிய கடை என்றிருந்த அந்தியூர் போன்ற ஊர்களுக்குப் பத்திரிகை விளம்பரப் பக்கமே கடைவீதி. புத்தகம், கடிகாரம், லேகியம் எல்லாம் அதில் கிடைத்தன. பணம் கட்டாமல் பார்சலைப் பிரிக்க முடியாது, ஏமாந்தவர்களும் உண்டு. வாங்க மறுத்தாலோ அஞ்சல் செலவு விற்றவர் தலையில் விழும். ஆனாலும் அந்தக் காத்திருப்பை இன்றும் ஆசையோடு பேசுகிறார்கள். கிடைக்காத பொருளைக் கைக்குக் கொண்டுவந்த முறை அது; அந்த ஆசை நியாயமானது.

இரண்டாம் வகைக்குப் பெயர்பெற்றது 1973இல் பிரிட்டனில் தொடங்கிய ஆர்கோஸ். 2007இல் ஷாப்பர்ஸ் ஸ்டாப், ஹைப்பர்சிட்டி நிறுவனங்களோடு கைகோத்து இந்தியாவுக்கும் வந்தது. 2009இலேயே அந்த முயற்சி கைவிடப்பட்டது. கடைவரைக்கும் வரவழைத்துவிட்டுப் பொருளைக் கண்ணில் காட்டாதது இந்த முறையின் அடிப்படைக் குறை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தையில் குதிரையின் பல்லைப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். அப்படிப் பழகியவர்களுக்குப் படம் போதாது.

மேல்நாட்டிலும் இந்தக் கடைகளில் பல நிலைக்கவில்லை. அச்சேறிய விலையை அடுத்த பட்டியல்வரை எளிதில் மாற்ற முடியாது. தள்ளுபடிக் கடைகளோ அன்றன்றைக்கு விலை குறைத்தன. அமெரிக்காவின் சர்வீஸ் மெர்ச்சண்டைஸ் 2002இல் கடைகளை மூடியது. ஆர்கோஸ் கடைகள் நீடித்தாலும் அச்சுப் பட்டியல் 2020இல் நின்றது. இந்தியாவிலோ வி.பி.பி.யின் உயிர்நாடியான கைக்கு வந்தபின் பணம் என்ற ஏற்பாட்டை 2010இல் பிளிப்கார்ட் கையில் எடுத்தது. இணைய வணிகம் சிற்றூர்களுக்குள் நுழைய அது பெரிதும் உதவியது.

ஆர்கோஸின் பழைய பட்டியல்களை ஆர்வலர்கள் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவைத்திருக்கிறார்கள். தமிழ் வி.பி.பி. விளம்பரங்களைத் தேடுபவர் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பழைய இதழ்களைப் புரட்ட வேண்டும்.