காட்டை விட்டு வந்த காளான்

காளான்னு சொன்னா நமக்கு மழைக்கு மறுநாள் வரப்புல முளைக்கிறதுதான் ஞாபகம் வரும். சீன தேசத்திலே மருந்துக் காளான்னு பேர் வாங்கின சியாங்கு அப்படியில்லை. ஜப்பான்காரர்கள் ஷிடாக்கே என்று சொல்லும் இது, பட்டுப்போன மரத்தைத் தின்று வளர்வது.

செசியாங் மாகாணத்து மலைக்கிராமங்களில் பல நூறு வருஷங்களுக்கு முன்பே இதை வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். மரத்தை வெட்டிச் சாய்ப்பார்கள். பட்டையில் கோடாலியால் கொத்து விடுவார்கள். அப்புறம் காற்றில் வரும் காளான் தூள் அதில் வந்து ஒட்டட்டும் என்று காத்திருக்க வேண்டியதுதான். 1313-இல் வாங் சென் என்பவர் எழுதிய வேளாண்மை நூலில் ஒரு வேடிக்கை உண்டு. கட்டையால் மரத்தைத் தட்டித் தூங்குகிற காளானை எழுப்புவார்களாம்! சிரிக்காதீங்க. அதிர்வு கொடுத்தால் ஷிடாக்கே மொட்டு விடும் என்பதை இன்றைய விஞ்ஞானமும் ஒத்துக்கொள்கிறது.

1940-களில் ஜப்பானின் கிசாகு மோரி, சுத்தமான வித்தைச் சிறு மரமுளைகளில் வளர்த்து, துளையிட்ட கட்டையில் அடித்து இறக்கும் வழியைக் காட்டினார். காற்றை நம்பியிருந்த காலம் போயிற்று. அடுத்ததாக, சீனத்தின் ஃபூசியன் மாகாணத்தில் மரத்தூளையும் தவிட்டையும் பாலிதீன் பையில் அடைத்து வளர்த்தார்கள். வருஷக்கணக்கு மாசக்கணக்காகக் குறைந்தது. ஏழை மலைக்குடும்பங்கள் கையிலும் நாலு காசு புரண்டது.

ஆனா மரத்தூள் எங்கிருந்து வரும்? மரத்திலிருந்துதானே! காளான் வருமானம் ஏற ஏற, மலை மொட்டையாச்சு. மழையிலே மேல்மண் கரைஞ்சு ஓடியது. காளானா காடா என்கிற இந்த இழுபறிக்கு வழி கண்டவர் ஃபூசியன் வேளாண்மைக் கல்லூரியின் லின் சான்சி. 1986-இல், மலைச்சரிவில் தானே மண்டிக் கிடந்த பெரணி, புல் வகைகளைக் காயவைத்துப் பொடித்து, அதிலேயே காளானை எடுத்துவிட்டார்.

இதிலே மந்திரம் ஒன்றுமில்லை. காளானுக்குப் பச்சையம் கிடையாது. வெயிலைக் கொண்டு சாப்பாடு தயாரிக்கத் தெரியாது. மரத்தை இறுக்கிப் பிடிக்கும் லிக்னினையும் நார்ச்சத்தையும் கரைத்துத்தான் பிழைக்கும். அந்தச் சத்துகள் புல்லிலும் வைக்கோலிலும் கரும்புச் சக்கையிலும் இருக்கின்றன. தழைச்சத்துதான் குறைவு, அதற்குத்தான் தவிடு. பையை நன்றாக ஆவியில் அவிக்காவிட்டால் பச்சைப்பூஞ்சணம் முந்திக்கொள்ளும். போட்ட வித்து வீண்.

காட்டில் அபூர்வமாய்க் கிடைத்த லிங்சி என்ற மருந்துக் காளானையும் பிறகு இப்படிப் பைகளில் வளர்க்கலானார்கள். ஒன்று மட்டும் கறாராச் சொல்லிடறேன். ஷிடாக்கேயிலிருந்து பிரித்தெடுத்த லென்டினான் என்ற பொருளை, வயிற்றுப் புற்றுநோய்க்கு மற்ற மருந்தோடு சேர்த்துப் போடும் ஊசியாக ஜப்பான் அரசு 1985-இல் அனுமதித்தது உண்மை. அது சுத்திகரித்த மருந்து. சட்டியிலே வதக்கிச் சாப்பிடுகிற காளான் நல்ல சாப்பாடு, அவ்வளவுதான். நோய் தீரும்னு சொல்லி விற்கிறவரை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போறதை நிறுத்திடாதீங்க.

அறுவடை முடிஞ்ச பையைத் தூக்கிப் போடுவதும் இல்லை. காளான் பாதி மக்கவைத்த அந்தச் சக்கை எருக்குழிக்குப் போய், அங்கிருந்து வயலுக்குப் போகிறது.